பழைய போர்ஷே 944-க்குச் சேலத்தில் ஆக்ஸில் ஜாயிண்ட் வேலை: ஒரு லாரிப் பட்டறை பற்றிய மதிப்பீடு

தேய்ந்த ஆக்ஸில் ஜாயிண்டுகளோடு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வைத்துக்கொண்டு, சேலத்தில் அதை யாரிடம் நம்பிக் கொடுப்பது என்று கேட்பவர்களை, வெளிநாட்டுக் கார்களுக்கென்றே கண்ணாடி முகப்பு வைத்து நடத்தப்படும் இடங்களைக் கடந்து, கொண்டலாம்பட்டி பைபாஸை ஒட்டிய லாரிப் பட்டறைகளின் பக்கம் போகும்படிதான் நான் சொல்வேன். அங்கே, லாரியின் கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் வேலையையே முழுநேரத் தொழிலாகச் செய்யும் ஒரு பட்டறையில், என் மைத்துனரின் 1986ஆம் ஆண்டு போர்ஷே 944 காரின் இரண்டு ஆக்ஸில் ஷாஃப்டுகளையும் கழற்றிச் சரிசெய்து வாங்கினோம். பட்டறையின் பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் அதை எழுதவில்லை. லாரி வேலையே கைக்கு மீறி வருகிறது என்பது அவர் சொன்ன காரணம். வரிசையாக நின்ற வண்டிகளைப் பார்த்தபோது அது வெறும் பேச்சாகத் தெரியவில்லை.

வண்டியின் அமைப்பைச் சற்றுச் சொன்னால்தான் பட்டறை செய்த வேலையை எடைபோட முடியும். 1982 முதல் 1991 வரை தயாரிக்கப்பட்ட 944-இல் இன்ஜினும் கிளட்சும் முன்னால் இருக்கின்றன. கியர்பாக்ஸும், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் டிஃப்ரன்ஷியலும் ஒரே கூட்டுக்குள் பின்னால் இருக்கின்றன. இரண்டையும் நீண்ட குழாய் ஒன்றுக்குள் சுழலும் மெல்லிய ஷாஃப்ட் இணைக்கிறது. டிஃப்ரன்ஷியலிலிருந்து ஒவ்வொரு பின்சக்கரத்துக்கும் ஓர் ஆக்ஸில் ஷாஃப்டும், ஷாஃப்டின் இரு முனைகளிலும் ஒவ்வொரு சி.வி. ஜாயிண்டும் (கோணம் மாறினாலும் சுழற்சி வேகத்தை மாறாமல் கடத்தும் இணைப்பு) உண்டு. ஆக மொத்தம் நான்கு ஜாயிண்டுகள். ஒவ்வொன்றிலும் ஆறு குண்டுகள், அவற்றைப் பிடித்திருக்கும் ஒரு கூண்டு, உள்வளையம், வெளிவளையம். சக்கரம் மேலும் கீழும் ஆடும்போது கோணமும் மாற வேண்டும், நீளமும் சிறிது கூடிக் குறைய வேண்டும் என்பதால், இவ்வகை ஜாயிண்டின் உள்வளையப் பள்ளங்களும் வெளிவளையப் பள்ளங்களும் எதிரெதிராகச் சாய்த்து வெட்டப்பட்டிருக்கும்.

ஏற்காட்டு மலைப்பாதையில்தான் குறை முதலில் வெளிப்பட்டது. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும் அந்தப் பாதையில், மேலிருந்து இறங்கும் பேருந்துக்கு வழிவிட்டு வளைவிலேயே நின்று, முதல் கியரில் மீண்டும் புறப்பட வேண்டியிருக்கும். ஆக்ஸில் ஜாயிண்டுக்கு அதைவிடக் கடுமையான வேலை அன்றாட ஓட்டத்தில் வேறெதுவும் இல்லை. முன்சக்கர இயக்கமுள்ள கார்களில் ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடிக்கும்போது வெளி ஜாயிண்ட் 'டக் டக்' என்று சொல்லிவிடும். பின்சக்கர இயக்கமுள்ள இந்தக் காரில் ஜாயிண்ட் ஸ்டீயரிங்கோடு திரும்புவதில்லை என்பதால் அறிகுறி அவ்வளவு வெளிப்படையாக இருக்காது. எங்களுக்குக் கேட்டது, வலப்பக்கம் திரும்பும் வளைவுகளில் ஆக்ஸிலேட்டரை அழுத்தியவுடன் இடப்பக்கப் பின்புறத்தில் எழுந்த தொடர்ந்த தட்டல் சத்தமும், அழுத்தத்தை விட்டு மறுபடி கொடுக்கும்போது வந்த ஒரு 'டொக்'கும்.

இந்தச் சத்தத்துக்கு வேறொரு நகரத்துக் கேரேஜ் ஏற்கெனவே தீர்ப்பு எழுதியிருந்தது. கியர்பாக்ஸை இறக்க வேண்டும், கிளட்சை மாற்ற வேண்டும், இரண்டு ஆக்ஸில்களையும் முழுமையாகப் புதிதாக வரவழைக்க வேண்டும் என்று லட்சத்தைத் தாண்டிய மதிப்பீடு ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். வண்டியை ஓட்டிப் பார்க்காமலே கொடுத்திருந்தார்கள் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. கிளட்சைச் சந்தேகிப்பது தவறில்லை. 944-இன் கிளட்ச் தட்டின் நடுவில் ரப்பர் வைத்திருப்பார்கள், அந்த ரப்பர் சிதைந்தால் இதே போன்ற 'டொக்' வரும். ஆனால் சந்தேகத்தைச் சோதிக்காமல் பில்லாக மாற்றுவதற்குப் பெயர் பழுது கண்டறிதல் இல்லை.

கொண்டலாம்பட்டிப் பட்டறையின் மூத்த மெக்கானிக் 944 காரை அதற்கு முன் தொட்டதில்லை என்று முதலிலேயே சொன்னார். "ஓட்டிப் பாத்துட்டுத்தாங்க எதையும் கழட்டணும்" என்று சொல்லிவிட்டு, என்னை ஓட்டச் சொல்லித் தாம் பின்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டார். பைபாஸில் ஒரே வேகத்தில் போகச் சொல்லி, அந்த வேகத்தை மாற்றாமல் மூன்றாவது கியரிலிருந்து இரண்டாவதுக்கு இறக்கச் சொன்னார். இன்ஜின் சத்தம் ஏறியது. தட்டலின் எண்ணிக்கை மாறவில்லை. இந்தக் காரில் கிளட்ச் முன்னால் இருப்பதால், நடுக் குழாய்க்குள் ஓடும் ஷாஃப்ட் இன்ஜின் வேகத்தில்தான் சுழலும். அதன் பேரிங்குகளில் குறை இருந்தால் கியர் மாறியதும் சத்தமும் மாறியிருக்க வேண்டும். சத்தம் சக்கரத்தின் வேகத்தைப் பின்தொடர்ந்ததால் குறை கியர்பாக்ஸுக்குப் பின்னால்தான் என்று ஒரே சோதனையில் முடிவாகிவிட்டது. அடுத்து, ஆக்ஸிலேட்டரை விட்டுவிட்டு உருளச் சொன்னார், தட்டல் அடங்கியது. வீல் பேரிங் போயிருந்தால் அழுத்தினாலும் விட்டாலும் ஒரே முனகலாக இருக்கும், வண்டியை இடமும் வலமும் சாய்த்து ஓட்டும்போதுதான் கூடிக் குறையும். இவ்வளவுக்கும் எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

அதன் பிறகே வண்டி ஸ்டாண்டில் ஏறியது. இந்தக் கட்டத்தை விரிவாகச் சொல்லக் காரணம், ஜாயிண்ட் தேய்மானத்தைப் பற்றிய தவறான முடிவுகளில் பெரும்பாலானவை இங்கேதான் நடக்கின்றன என்று நான் நினைப்பது. பின்சக்கரம் ஒன்றைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினால் எந்தப் பழைய காரிலும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். அதில் டிஃப்ரன்ஷியல் பற்களின் இயல்பான இடைவெளி, கியர்பாக்ஸின் இடைவெளி, கிளட்ச் ரப்பரின் நெகிழ்வு எல்லாம் கலந்திருக்கும். அந்த மொத்த ஆட்டத்தைப் பார்த்து ஜாயிண்ட் போய்விட்டது என்று சொல்வது எளிது. மெக்கானிக் வண்டியை கியரில் போட்டு, உதவியாளரை எதிர்ப்பக்கச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, ஒவ்வொரு ஜாயிண்டிலும் ஒரு கையால் ஜாயிண்ட் போல்ட் செய்யப்பட்டிருக்கும் வட்டத் தட்டான ஃபிளாஞ்சையும் மறு கையால் ஷாஃப்டையும் பிடித்து எதிரெதிராக முறுக்கிப் பார்த்தார். ஃபிளாஞ்சும் ஷாஃப்டும் சேர்ந்தே நகர்ந்தால் ஆட்டம் வேறிடத்தில். ஃபிளாஞ்ச் நிற்க ஷாஃப்ட் மட்டும் நகர்ந்தால் அந்த ஜாயிண்டில். மூன்றில் அசைவே தெரியவில்லை. இடப்பக்க வெளி ஜாயிண்டில் கண்ணுக்கே தெரியும் அளவுக்கு ஆட்டம் இருந்தது. அதை மூடியிருக்கும் ரப்பர் உறையின் ('பூட்') மடிப்பு ஒன்று கிழிந்து, சக்கரத்தின் உட்புறமும் அருகிலிருந்த சஸ்பென்ஷன் ஆர்மும் கறுப்புக் கிரீஸ் தெறித்துக் கிடந்தன. கருப்பூர்ப் பக்கத்து மேக்னசைட் தூசியும் நகரத்து மண்ணும் அந்தக் கிழிசல் வழியாக எவ்வளவு காலம் உள்ளே போயினவோ தெரியாது. ஜாயிண்டுகள் பெரும்பாலும் தாமாகத் தேய்வதில்லை, பூட் கிழிந்த பிறகே சாகின்றன என்பது இந்தத் தொழிலில் எல்லாரும் ஒப்புக்கொள்ளும் செய்தி.

போல்ட்டுகளைக் கழற்றியதில் அவர் காட்டிய பொறுமையைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். ஒவ்வொரு ஜாயிண்டையும் எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுகள் ஆறு ஃபிளாஞ்சோடு பிணைக்கின்றன. அவற்றின் தலைக்குள் இருப்பது ஆலன் கீக்கான ஆறு முனைப் பள்ளம் அன்று, பன்னிரண்டு முனைப் பள்ளம். பார்வைக்கு ஆலன் கீ பொருந்துவது போலத் தோன்றும். அழுத்தியதும் முனைகள் வழுக்கித் தலை உருண்டு போகும், பிறகு உளி வைத்துத் தட்டித்தான் எடுக்க வேண்டும். சரியான பிட் இப்போது ஸ்கோடா, ஃபோக்ஸ்வேகன் வேலை செய்யும் இடங்களில் சாதாரணமாகப் புழங்குவதுதான் என்றாலும் லாரிப் பட்டறையில் இருக்காது என்று ஊகித்து என் மைத்துனர் ஒன்றை வாங்கிவந்திருந்தார். பிட் இருந்தாலும் போதாது. பள்ளத்துக்குள் இறுகிக் கிடக்கும் கிரீஸையும் மண்ணையும் முழுவதும் நீக்காவிட்டால் பிட் பாதி ஆழத்தில் நின்றுவிடும், விளைவு ஆலன் கீயைப் போலவேதான். இருபத்து நான்கு போல்ட்டுகளின் தலைகளையும் கூர்மையான கம்பியால் கிளறி, பிரேக் கிளீனர் அடித்து, காற்றால் ஊதி, பிட்டைச் சுத்தியலால் மெல்லத் தட்டி அமர்த்திய பிறகே ரெஞ்சைப் பூட்டினார். ஒன்றுகூட உருளவில்லை.

ஜாயிண்டைப் பிரிப்பதற்கு முன் உள்வளையம், கூண்டு, வெளிவளையம் மூன்றின் மீதும் குறியிட்டார். குண்டுகளையும் எடுத்த பள்ளத்தின் வரிசைப்படியே தட்டில் வைத்தார். சேர்ந்தே தேய்ந்து பழகிய பாகங்களை இடம் மாற்றிப் போட்டால் நல்ல ஜாயிண்டும் கெட்டுவிடும் என்பதால் இது அவசியம். லாரி புரொப்பெல்லர் ஷாஃப்டின் முனைகளில் இருக்கும் சிலுவை வடிவக் கிராஸ் ஜாயிண்டுக்கும் இதற்கும் உள்ள உறவை அவர் அப்போது விளக்கினார். கிராஸ் கோணத்தில் சுழலும்போது ஒவ்வொரு சுற்றிலும் அதன் வெளியேறும் வேகம் இரண்டு முறை கூடிக் குறையும். ஷாஃப்டின் இரு முனைக் கிராஸ்களையும் ஒரே நேர்க்கோட்டில் வைத்தால்தான் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது ஈடுகட்டும், நேர் தவறினால் லாரி முழுவதும் அதிரும். சி.வி. ஜாயிண்டில் குண்டுகள் எப்போதும் இரு ஷாஃப்டுகளின் இடைக்கோணத்தைச் சரிபாதியாக வெட்டும் தளத்தில் நிறுத்தப்படுவதால், அந்த ஏற்ற இறக்கம் ஒரே ஜாயிண்டுக்குள் தீர்ந்துவிடுகிறது. 1920களில் ஆல்ஃபிரெட் ரெஸெப்பா உருவாக்கிய குண்டு வகை சி.வி. ஜாயிண்ட், 1959இல் வந்த மினி காரின் மூலம்தான் சாதாரண மக்களின் வண்டிக்குள் பரவலாக நுழைந்தது. கிராஸ் பற்றிய அறிவு உள்ளவருக்கு சி.வி. ஜாயிண்ட் அந்நியமானதல்ல என்பதை, இந்தப் பட்டறையைத் தேர்ந்ததற்கான என் முக்கிய நியாயமாகச் சொல்வேன்.

கழுவித் துடைத்த பாகங்களைப் பனியன் வேஸ்ட்டின் மீது பரப்பி வெயிலில் பார்த்தபோது மூன்று ஜாயிண்டுகளின் பள்ளங்களிலும் குண்டு ஓடிய தடம் பளபளப்பாக மட்டுமே இருந்தது. பளபளப்பு தேய்மானத்தின் அடையாளமே தவிரக் கேட்டின் அடையாளம் அன்று. நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். நகம் இடறினால்தான் கவலை. இடப்பக்க வெளி ஜாயிண்டில் நகம் இடறியது மட்டுமல்ல, இரண்டு பள்ளங்களில் எஃகின் மேற்பரப்பு அம்மைத் தழும்பு போலக் குழிந்திருந்தது. கூண்டின் சன்னல்களில் குண்டுகள் லொடலொடவென்று ஆடின. 'டொக்' என்ற சத்தம் கூண்டின் தளர்ச்சியால், தொடர் தட்டல் குழிகளால் என்று அவர் பிரித்துச் சொன்னது எனக்குச் சரியாகவே படுகிறது. குழி விழுந்த ஜாயிண்டை மெருகேற்றித் தருவதாகச் சொல்லும் லேத் பட்டறைகள் உண்டு. கடினப்படுத்திய மேல்தோல் போன பிறகு மெருகேற்றுவதால் பயனில்லை என்று மறுத்து, ஒரே ஒரு புது ஜாயிண்டையும் நான்கு ரப்பர் பூட்களையும் மட்டும் வரவழைக்கச் சொன்னார். ஜெர்மனியின் லோப்ரோ நிறுவனத்து ஜாயிண்ட் ஒன்றை என் மைத்துனர் வெளிநாட்டிலிருந்து தருவித்தார். கூரியரும் சுங்க வரியும் சேர்ந்து 17,000 ரூபாயைத் தாண்டியது. முதல் கேரேஜின் மதிப்பீட்டில் அது ஒரு சிறு பங்கு.

ஷாஃப்டுகளை இடம் வலம் மாற்றிப் போடுவது பற்றி நீண்ட பேச்சு நடந்தது. முன்னோக்கிய ஓட்டத்தில் ஒவ்வொரு பள்ளத்தின் ஒரு பக்கச் சுவரே சுமையைத் தாங்குகிறது. ஷாஃப்டை எதிர்ப்பக்கத்துக்கு மாற்றினால் சுழற்சித் திசை புரண்டு, இதுவரை ஓய்ந்திருந்த மறுசுவர் சுமையை ஏற்கும். பழைய போர்ஷே, ஃபோக்ஸ்வேகன் வண்டிகளை வைத்திருப்பவர்கள் அறிந்த உத்திதான் இது. எனக்கு இதில் ஓர் ஐயம் இருந்தது. ஏற்காட்டிலிருந்து இரண்டாவது கியரில் இறங்கும் வண்டியில் இன்ஜினின் தடுப்பு விசை அந்த மறுசுவரின் மீதுதான் விழுகிறது; எனவே மலை வண்டிகளில் மறுசுவர் முழுவதும் புதிதாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. மெக்கானிக் மறுசுவர்களையும் நகத்தால் தடவிப் பார்த்து, ஏற்றத்தின் விசையோடு ஒப்பிட்டால் இறக்கத்தின் விசை சிறிது என்பதால் அங்கே வெறும் மெருகு மட்டுமே ஏறியிருக்கிறது என்று காட்டினார். இரு ஷாஃப்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தி நீளம் ஒன்றே என்று உறுதி செய்துகொண்ட பிறகு மாற்றிப் போடச் சம்மதித்தோம். குழி விழுந்த ஜாயிண்டை இப்படி மாற்றிப் போட்டுச் சத்தத்தை மறைத்து வண்டியை விற்பவர்களும் இருக்கிறார்கள். பழைய 944 வாங்குபவர்கள் சத்தமில்லை என்பதோடு திருப்தியடையாமல் ரப்பர் பூட்டைத் திறந்து ஜாயிண்டைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

பூட்டும் வேலையில் இரண்டு இடங்களில் கவனம் தேவை. முதலாவது, உள்வளையத்தில் பள்ளங்களுக்கு இடையிலான மேடுகள் ஒன்று அகலமாகவும் அடுத்தது குறுகலாகவும் மாறிமாறி வரும், வெளிவளையத்திலும் அப்படியே. உள்ளே குறுகலான மேடு வெளியே அகலமான மேட்டுக்கு நேராக வர வேண்டும். தவறாகச் சேர்த்தால் ஜாயிண்ட் உள்ளே போகும், ஆனால் கோணத்தில் மடங்காமல் பூட்டிக்கொள்ளும். சேர்த்த ஒவ்வொரு ஜாயிண்டையும் கையில் வைத்து எல்லாப் பக்கமும் மடக்கிக் காட்டிய பிறகே கிரீஸ் வைத்தார்கள். இரண்டாவது கிரீஸ். பட்டறையில் டிரம் டிரம்மாக இருந்தது லாரிக்கான சாதாரண கிரீஸ். உதவியாளர் அதிலிருந்து ஒரு கை அள்ளப் போனபோது பெரியவர், "தம்பி, அது இதுக்கு ஆகாது" என்று தடுத்தார். குண்டும் பள்ளமும் பெருஞ்சுமையில் வழுக்கி உருளும் இடத்துக்கு மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கறுப்பு கிரீஸ்தான் வேண்டும். ரப்பர் பூட்களோடு வந்த பாக்கெட்டுகள் அதற்காகவே இருந்தன. பிறகு ஷாஃப்டின் குழிந்த வாஷரைத் திசை பார்த்து ஏற்றி, பிரஸ்ஸில் வைத்து உள்வளையத்தை அழுத்தி, அதை நழுவாமல் பிடிக்கும் வளையமான சர்க்கிளிப் தன் பள்ளத்தில் அமரும் ஒலி கேட்ட பிறகே விட்டார். ஃபிளாஞ்ச் முகங்களை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக 42 நியூட்டன் மீட்டரில் இறுக்கினார்கள்.

குறைகளும் இருந்தன. பட்டறையின் டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு மட்டும் இறுக்க உதவும் கருவி) லாரி வீல் நட்டுக்கானது. 42 நியூட்டன் மீட்டர் அதன் அளவுகோலின் தொடக்கத்துக்கும் கீழே. சிறிய ரெஞ்ச் ஒன்றை அருகிலிருந்த இடத்திலிருந்து இரவல் வாங்கி வரும்வரை காத்திருந்தோம். பிரித்த ஜாயிண்டுகளை மூடாமல் திறந்த முற்றத்தில் வைத்திருந்தார்கள். பைபாஸ் தூசி படியும் இடத்தில் அது பொறுத்துக்கொள்ளக்கூடியதல்ல, நாங்கள் கேட்ட பிறகே பிளாஸ்டிக் தாளால் மூடினார்கள். ஒரு பூட் கிளாம்ப்பின் காது ஷாஃப்ட் சுழலும்போது ஆர்மை உரசும்படி திரும்பியிருந்ததை என் மைத்துனர்தான் கவனித்துத் திருத்தச் சொன்னார். சொன்ன நாளில் வண்டி கிடைக்கவில்லை. இடையில் வந்த லாரிகளுக்கு முன்னுரிமை தரப்பட்டது. அச்சடித்த பில்லும் கிடையாது; கேட்டால் வெள்ளைத் தாளில் எழுதித் தருகிறார்கள். வெளிநாட்டுக் காருக்குச் செய்த வேலைக்கு ஆவணம் வைத்துக்கொள்ள விரும்புபவர்களுக்கு இது இடைஞ்சல்.

கூலியாக நான்கு ஜாயிண்டுகளுக்கும் சேர்த்து 7,000 ரூபாய் வாங்கினார்கள். இவ்வளவு நேரம் பிடித்த வேலைக்கு அது குறைவு என்றே சொல்வேன். வண்டியைத் திரும்ப ஏற்காட்டுக்கு ஓட்டிச் சென்றபோது வளைவுகளில் தட்டலும் இல்லை, 'டொக்'கும் இல்லை. மூன்றாவது கியரில் மிகக் குறைந்த வேகத்தில் அழுத்தும்போது மெல்லிய அதிர்வு ஒன்று மட்டும் மிச்சம் இருக்கிறது. அது கிளட்ச் ரப்பரின் முதுமையாக இருக்கலாம் என்றும், 'டொக்' திரும்பி வந்தால் மட்டும் அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்றும் மெக்கானிக் சொன்னார். அவசரப்படுத்தி அதையும் கழற்றச் சொல்லவில்லை.

போக நினைப்பவர்கள் பன்னிரண்டு முனை பிட்டையும், காருக்கான சிறிய டார்க் ரெஞ்சையும், சரியான கிரீஸையும் கையோடு கொண்டு போக வேண்டும். வாரத் தொடக்கத்தில் லாரிகள் குவிவதால் வியாழன், வெள்ளியில் போவது நல்லது. இந்த ஜாயிண்ட் போல்ட்டுகள் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் சற்றுத் தளர்வது இயல்பு என்பதால், மறுபடி இறுக்கிப் பார்க்க வண்டியைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். அதற்குத் தனியாகக் காசு வாங்குவதில்லை.